சோயா மீட்டா, ஜிஎம்மா, கச்சானா? புள்ளைக்கு ஒத்துக்காததை கண்டுபிடிக்கிறது எப்படி

போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மகனுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிச்சி போச்சி. வயசு நாலு. அன்னைக்கு பகல் சாப்பாடு சோறு, பருப்பு, சோயா மீட் கறி. எங்க தேயிலை தோட்டத்து லயத்துல பாதி பேரு வந்து எட்டி பாத்துட்டு "அது ஜிஎம் சோயா, அதான்"னு தீர்ப்பு சொல்லிட்டு போயிட்டாங்க, ஏன்னா மரபணு மாத்தின (ஜிஎம்) சாப்பாட்டாலதான் இப்ப எல்லா புள்ளைக்கும் அலர்ஜின்னு ஒரு வொய்ஸ் மெசேஜ் அந்த வாரம்தான் வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டு இருந்திச்சி. அக்காவும் நம்பிட்டா. மூனு மாசம் வீட்டுல சோயா மீட் கிடையாது. அப்புறம் கோயில் திருவிழாவுல அவனுக்கு மறுபடி வந்துச்சி, இந்த தடவை மூச்சும் இழுத்துச்சி, கையில கச்சான் (நிலக்கடலை) பொட்டலம். அப்பதான் தாத்தா மெதுவா வாயை தொறந்தாரு, முதல் தடவையும் டவுன்ல இருந்து கச்சான் தட்டு வாங்கிட்டு வந்து யாருக்கும் தெரியாம ஊட்டி விட்டாராம்.

ஜிஎம் கச்சான்னு ஒன்னு இன்னைய வரைக்கும் எந்த கடையிலயும் விக்கல. மூனு மாசம் தப்பான சாமானை ஒதுக்கிட்டு சரியான சாமானை விட்டு வச்சிருந்தோம். அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல்ல உயிர் விஷயம். சாப்பிட்டு சில நிமிஷத்துல இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு, தலை சுத்தல் இதுல ரெண்டு மூனு சேந்து வந்தாலோ, மூச்சு இழுப்போ மயக்கமோ தனியா வந்தாலோ யோசிக்கவே வேணாம், 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க. நம்ம லயத்துக்கு தெரு பேரு கிடையாது, அதனால தோட்டம், டிவிஷன், எந்த வளைவு வரைக்கும் வாகனம் ஏறும்னு இப்பவே ஒரு கடதாசியில எழுதி கதவுல ஒட்டி வைங்க, பதட்டத்துல வாய் வராது. ஆம்புலன்ஸ் ஏற முடியாத இடம்னா கீழ ரோடு வரைக்கும் தோட்டத்து லொறியோ பக்கத்து வீட்டு ஆட்டோவோ. புள்ளைய நடக்க வைக்காதீங்க, படுக்க வச்சி காலை தூக்கி வைங்க, மூச்சு முட்டுதுன்னா உக்கார வைங்க, வாந்தி எடுத்தா ஒருக்களிச்சி. பிரிட்டன் (Piriton) அலர்ஜி குளிசை தடிப்புக்கும் அரிப்புக்கும் சரி, மூச்சு முட்டுறதுக்கு அது போதாது, அதுக்கு தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான். நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல, கொழுந்து மலையில ஒரே ஒரு குளவி கொட்டி மூச்சு முட்டி விழுந்தவங்களை எல்லாரும் பாத்திருக்கோம். அதுவும் இதுவும் ஒரே ஜாதிதான், வந்த வழிதான் வேற. அடங்கிருச்சின்னு உடனே வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடாதீங்க, சில பேருக்கு கொஞ்ச மணித்தியாலம் கழிச்சி திரும்ப வரும்.

சரி, ஆபத்து தாண்டியாச்சி. அடுத்து ஒரு சிங்கிள் ரூல் கொப்பி எடுங்க. என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை நிமிஷத்துல என்ன வந்துச்சி. பக்கெட்டை தூக்கி வீசாம பின்பக்கத்தை போட்டோ எடுங்க, சோயா மீட்டுன்னா உள்ள இருக்குற ஃப்ளேவர் பக்கெட்டையும் சேத்து எடுங்க, ஏன்னா அதுக்குள்ள என்ன தூள் இருக்குன்னு யாரும் பாக்குறதே இல்ல. தாத்தா பாட்டி, புள்ளமடுவத்து (தோட்டத்து புள்ளைங்க காப்பகம்) ஆயா, பக்கத்து வீடு, எல்லாருக்கிட்டயும் கேளுங்க, திட்டுற மாதிரி கேட்டா உண்மை வராது, எங்க வீட்டு கதை தெரியுமே. காய்ச்சல் இருந்திச்சா, வேற மருந்து குடுத்தீங்களா, சாப்பிட்டதும் ஓடி விளையாடினானான்னும் எழுதுங்க, சில நேரம் அதுவும் சேந்துதான் கிளப்பி விடும்.

இதுல மீனை தனியா சொல்லணும். கடற்கரையில இருந்து மலை ஏறி வர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சா பலயா, கெலவல்லா மாதிரி சூரை மீன்ல ஹிஸ்டமின்னு ஒன்னு சேந்துடும், அதை சாப்பிட்டா மூஞ்சி சிவந்து தடிச்சி தலைவலியும் வரும், பாக்க அச்சு அசல் அலர்ஜிதான். ஆனா அது மீன் பழுதான நஞ்சு. எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. ஒரே சட்டியில சாப்பிட்ட ரெண்டு மூனு பேருக்கு சேந்து வந்துச்சின்னா முதல்ல மீனைத்தான் சந்தேகப்படணும். பால் குடிச்சி வயிறு உப்பி கழியுறது மட்டும்னா அது பெரும்பாலும் பால்ல இருக்குற சீனி (லாக்டோஸ்) செரிக்காத கோளாறு, அதுவும் வேற.

இப்ப ஜிஎம் கதைக்கு வருவோம். பயத்துல கொஞ்சம் கூட நியாயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். அலர்ஜின்னா உடம்பு ஒரு புரதத்தை எதிரின்னு நினைச்சி அடிக்கிறது, ஒரு பயிர்ல புது மரபணு வச்சா புது புரதம் வரலாம்தானே. உண்மையாவே நடந்திருக்கு. மிருக தீவனத்துக்காக சோயாவுல பிரேசில் நட்டோட மரபணுவை வச்சாங்க, அந்த நட்டு ஒத்துக்காத 9 பேரோட ரத்தத்தை வச்சி பாத்தா 8 பேரோடது அந்த சோயாவுக்கும் எதிர்ப்பு காட்டிச்சி, 1996ல வெளிய வந்த ஆய்வு, அந்த சோயா விக்கவே இல்ல. 2000ல அமெரிக்காவுல ஸ்டார்லிங்க்னு தீவனத்துக்கு மட்டும் அனுமதிச்ச சோளம் மனுசன் சாப்பிடுற பண்டத்துல கலந்து பெரிய கலாட்டா, உடம்புக்கு வந்துச்சின்னு சொன்னவங்கள்ல 28 பேரோட ரத்தத்தை பாத்தாங்க, அந்த சோளப் புரதத்தாலதான் வந்துச்சின்னு காட்ட ஒன்னும் கிடைக்கல. அதனாலதான் இப்ப புது ஜிஎம் பயிர் வந்தா அதோட புரதம் தெரிஞ்ச அலர்ஜி புரதம் மாதிரி இருக்கா, வயித்து அமிலத்துல கரையுதான்னு முன்கூட்டியே பாக்குறாங்க.

ஆனா "அலர்ஜி கூடினது ஜிஎம்மாலதான்"ங்கிறது வேற பேச்சு. அமெரிக்காவுல 1996ல இருந்து ஜிஎம் சோயாவும் சோளமும் தாராளமா சாப்பிடுறாங்க, இங்கிலாந்துல ரொம்ப குறைவு. அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி 2016ல ரெண்டு நாட்டையும் பக்கத்துல வச்சி பாத்துச்சி, அலர்ஜி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் ஏறியிருக்கு. ஜிஎம்தான் காரணம்னா சாப்பிடாத பக்கம் ஏன் ஏறணும்? அலர்ஜி தர்ற பெரிய சாமானை எண்ணி பாருங்க: பால், முட்டை, கச்சான், கஜு (முந்திரி) மாதிரி கொட்டைங்க, கோதுமை, சோயா, மீன், இறால், எள்ளு. இதுல பரவலா ஜிஎம்மா விளையுறது சோயா ஒன்னுதான். சோயா அலர்ஜி உள்ளவனுக்கு சாதா சோயாவும் ஒத்துக்காது, அவனுக்கு ஜிஎம் இல்லன்னு போட்ட பக்கெட்டை வாங்கி குடுத்தா ஆபத்துதான்.

நுவரெலியா பக்கம் டின்ல வர்ற கேரட், கோவா (முட்டைக்கோஸ்) விதையெல்லாம் ஜிஎம்னு ஒரு பேச்சு இருக்கு. அது பெரும்பாலும் ஹைபிரிட், ரெண்டு ரகத்தை மகரந்தம் சேத்து கலந்தது, ரெட் லேடி பப்பாசியும் அப்படித்தான். இலங்கையில ஜிஎம் சாப்பாடு அனுமதி இல்லாம கொண்டாரவோ லேபல் இல்லாம விக்கவோ கூடாதுன்னு 2006ல விதி போட்டு 2007 ஜனவரியில இருந்து அமல். லேபல்ல சந்தேகம்னா பி.எச்.ஐ.கிட்ட (சுகாதார பரிசோதகர்) சொல்லுங்க, அது அவர் வேலை. ஜிஎம் வேணாம்னு முடிவெடுக்குறது உங்க உரிமை, நான் குறுக்க நிக்கல. அதை அலர்ஜிக்கு மருந்தா நினைக்காதீங்க, அவ்வளவுதான்.

கொப்பியோட டாக்டரை பாருங்க. தோட்டத்து டிஸ்பென்சரியில கடிதம் வாங்கி பெரிய ஆஸ்பத்திரி புள்ளைங்க கிளினிக்குக்கு போங்க, தேவைன்னா அங்க இருந்து தோல்ல குத்தி பாக்குற டெஸ்டுக்கோ ரத்த டெஸ்டுக்கோ அனுப்புவாங்க. டெஸ்ட்ல வந்துருச்சின்னு மட்டும் முடிவு கிடையாது, சாப்பிட்டப்ப என்ன நடந்துச்சிங்கிறதோட சேத்துதான் டாக்டர் சொல்லுவாரு, கொப்பி அங்கதான் உதவும். "கொஞ்சமா குடுத்து பாப்போமே"ன்னு வீட்டுல பரீட்சை வைக்கவே கூடாது. பால், முட்டை, பருப்பு, சோயான்னு எல்லாத்தையும் மொத்தமா நிறுத்தவும் கூடாது, ஏற்கனவே நிறை காணலன்னு மிட்வைஃப் கிட்ட பேச்சு வாங்குற புள்ளைங்க நம்ம புள்ளைங்க. புள்ளைங்களுக்கு குடுக்குற சத்துமா திரிபோஷாவுல சோயாவும் பால்மாவும் இருக்கு, அந்த ரெண்டுல ஒன்னு ஒத்துக்கலன்னு உறுதியானா மிட்வைஃப்கிட்ட சொல்லி வைங்க.

கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு ஒரு விஷயம். கடுமையான கரப்பானோ (எக்ஸிமாங்கிற தோல் நோய்) முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைங்களை வச்சி லண்டன்ல ஒரு ஆய்வு, 2015ல முடிவு வந்துச்சி. சின்னதுலயே கச்சான் குடுத்து பழக்கினவங்கள்ல 5 வயசுல நூத்துக்கு 3 பேருக்குத்தான் கச்சான் அலர்ஜி, ஒதுக்கி வச்சவங்கள்ல 17 பேருக்கு. பயந்து தள்ளி போடுறதே வினையா ஆகலாம் போல. ஆனா கடுமையான கரப்பான் உள்ள குழந்தைன்னா டாக்டரை கேட்டுத்தான், அதுவும் நல்லா அரைச்சி, முழு கச்சான் தொண்டையில அடைக்கும்.

எங்க வீட்டுல இப்ப ஞாயித்துக்கிழமை சோயா மீட் கறி திரும்ப வந்தாச்சி. புள்ளமடுவத்து சுவத்துல "கச்சான் குடுக்காதீங்க"ன்னு இவன் போட்டோவோட ஒரு கடதாசி. தாத்தா டவுன்ல கச்சான் தின்னுட்டு வந்தா பீலியில வாயும் கையும் சோப்பு போட்டு கழுவிட்டுத்தான் வாசப்படி ஏறணும்னு அக்கா சட்டம் போட்டிருக்கா, மனுசன் முனகிக்கிட்டேதான் கழுவுறாரு.