பழைய ஹாம் ரேடியோ பவர் சப்ளை: டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகக் கட்டுவது எப்படி

ஹாம் என்றால் உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர். காலமான ஹாம்களை எங்கள் வட்டத்தில் 'சைலன்ட் கீ' என்று சொல்வோம். அப்படிக் காலமான ஒரு மூத்த ஹாமின் வீட்டிலிருந்து இந்தப் பவர் சப்ளைப் பெட்டி எனக்கு வந்தது. 1980களில் அவரே கையால் கட்டியது. முகப்பில் முள் காட்டும் இரண்டு மீட்டர்கள், அடியில் அவர் கையால் எழுதிய எழுத்துகள். மூடியைக் கழற்றினால் வார்னிஷ் வாசனை. டிரான்ஸ்ஃபார்மர் மேல் சுற்றிய மஞ்சள் காகிதத்தில் பென்சிலால் '18 வோல்ட் 20 ஆம்ப்' என்று குறித்திருந்தது.

நோய் இதுதான்: சும்மா இருக்கும்போது 13.8 வோல்ட் காட்டும். மைக்கை அழுத்தினால் 11.5க்கு இறங்கி ரிக் (பேசும் ரேடியோ) அணைந்துவிடும். உள்ளே பார்த்தால் காரணம் தெரிந்தது. ஒரு ஸீனர் டயோடு, அதற்குப் பின் 2என்3055 டிரான்சிஸ்டர்கள், அவ்வளவுதான். வெளியே எவ்வளவு வோல்ட் போகிறது என்று திரும்பிப் பார்க்க ஏதும் இல்லை. பெரிய கபாசிட்டரும் வயதாகி உப்பியிருந்தது.

"இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகைப் பவர் சப்ளை) வாங்கிவிடலாமே" என்று பலர் சொன்னார்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. ஆனால் மலிவானவை 40 மீட்டர் அலைவரிசையில் எழுப்பும் இரைச்சலில் பலவீனமான ஸ்டேஷன்கள் முழுகிப்போகும். நல்ல செம்பில் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை இன்று புதிதாகச் சுற்றச் சொன்னால் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். என் முடிவு: டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி, மீட்டர்கள் இருக்கட்டும். மற்ற எல்லாம் புதிது.

முதலில் ஒரு எச்சரிக்கை. பிரைமரி பக்கம் 230 வோல்ட். கபாசிட்டர் பக்கம் 25 வோல்ட்தான், ஆனால் சார்ஜ் ஏறிய நிலையில் ஸ்குரூடிரைவர் குறுக்கே விழுந்தால் முனை உருகிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பூஜ்யம் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

1. டிரான்ஸ்ஃபார்மரைச் சோதிப்பது

எல்லா வயரையும் கழற்றிவிட்டு பிரைமரிக்கும் இரும்புக்கும் இடையே, பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். மெகர் இல்லையென்றால் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரரிடம் கேளுங்கள், ஒரு நிமிட வேலை. நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் பத்து மெக் ஓமுக்கு மேல் எளிதாகக் காட்டும். ஓரிரண்டு மெக் ஓம் என்றால் ஈரம் ஏறியிருக்கும், உலர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறமும் ஏறாவிட்டால் ஒதுக்கிவிடுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

பிறகு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு கணப்பொழுது மின்னி அணைய வேண்டும், அல்லது மங்கலாக இருக்க வேண்டும். பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். இந்த சீரிஸ் பல்பைச் சுமைச் சோதனைக்கு வரும்வரை கழற்ற வேண்டாம்.

பழைய இரண்டு பின் கயிற்றை எடுத்துவிட்டு மூன்று பின் போடுங்கள். எர்த் வயர் நேராகப் பெட்டியின் உலோகத்தில் தனி போல்ட்டில் இறங்க வேண்டும். பிரைமரி லைனில் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ், ஸ்விட்ச், அப்புறம் 10 ஓம் என்டிசி (சூடானால் தடை குறையும் ரெசிஸ்டர்) ஒன்று, 20 மி.மீ. வட்டில். புதிய கபாசிட்டர்கள் வெறுமையாக இருக்கும்போது முதல் இழுப்பு மிகப் பெரிது. என்டிசி இல்லாமல் என் வீட்டு எம்சிபி இரண்டு முறை விழுந்தது.

2. பிரிட்ஜும் கபாசிட்டரும்

ஏசியை டிசியாக்க கேபிபிசி5010 டயோடு பிரிட்ஜ், 50 ஆம்பியர். 20 ஆம்பியரில் அதுவே 40 வாட் அளவுக்குச் சூடாகும் என்பதால் பேஸ்ட் தடவி ஹீட்சிங்க்கில் இறுக்குங்கள்.

கபாசிட்டருக்குக் கணக்கு எளிது. 50 ஹெர்ட்ஸில் இரண்டு சார்ஜுக்கு நடுவே ஏறக்குறைய 7.5 மில்லி நொடி கபாசிட்டர் தனியாகச் சுமை தாங்குகிறது. 20 ஆம்பியரை 0.0075ஆல் பெருக்கி, 0.05 ஃபாரடால் வகுத்தால் 3 வோல்ட். அதாவது 50,000 மைக்ரோ ஃபாரட் போட்டாலும் 3 வோல்ட் ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரே பெரிய டப்பாவுக்குப் பதில் 10,000 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் கபாசிட்டர்கள் ஐந்து போட்டேன். ஒவ்வொன்றும் குறைவாகச் சூடாகும், நாளை ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். 35 வோல்ட் போதுமே என்று தோன்றும். மின்சாரம் 250 வோல்ட்டுக்கு ஏறும் இரவில், சுமை இல்லாதபோது 30 வோல்ட் வரை போகும். 50 வோல்ட்டே வாங்குங்கள்.

குறுக்கே 470 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அணைத்த பிறகு ஒன்றிரண்டு நிமிடத்தில் கபாசிட்டரைக் காலி செய்துவிடும்.

3. ரெகுலேட்டர்

நான் எடுத்தது 723 ஐசி. வெளியீட்டு வோல்ட்டைத் திரும்பிப் பார்த்துச் சீராக வைப்பது இதன் வேலை. 1960களில் ஃபேர்சைல்ட் நிறுவனம் கொண்டுவந்தது. பழையதாயிற்றே என்று நினைக்க வேண்டாம். இந்த வேலைக்கு இன்றும் அமைதியான, எங்கும் கிடைக்கிற, பழுது பார்க்கத் தெரிகிற சிப் இதுதான். மாஸ்ஃபெட் போடலாமா என்று கேட்பார்கள். ஸ்விட்சிங்குக்குச் செய்த மாஸ்ஃபெட்டைப் பாதி திறந்த நிலையில் ஓட்டினால் உள்ளே ஒரே இடத்தில் சூடு குவிந்து போய்விடும். முதல் முறை கட்டுபவர்களுக்குப் பழைய பைபோலார் டிரான்சிஸ்டரே நல்லது.

வெளியே செல்லும் மின்னோட்டத்துக்கு டிஐபி35சி டிரான்சிஸ்டர் நான்கு. ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.1 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். இது இல்லாவிட்டால் நான்கில் ஒன்று மட்டும் எல்லாச் சுமையையும் இழுத்துக்கொண்டு சாகும். இவற்றை ஓட்ட டிஐபி41சி ஒன்று, அதுவும் ஹீட்சிங்க்கில். டிரான்சிஸ்டர் விலை பாதியாக இருந்தால் வாங்காதீர்கள். நான் ஒரு கடையில் அப்படி வாங்கிய நான்கில் இரண்டு, 8 ஆம்பியர் சுமையிலேயே ஷார்ட் ஆகின.

723இன் 6ஆம் காலில் 7.15 வோல்ட் வரும். அதை 1 கிலோ ஓம் வழியாக 5ஆம் காலுக்குக் கொடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 4.7 மைக்ரோ ஃபாரட். 4ஆம் காலுக்கு வெளியீட்டிலிருந்து ஒரு டிவைடர்: மேலே 1.8 கிலோ ஓமும் 500 ஓம் பிரீசெட்டும் (திருப்பி மாற்றும் சின்ன ரெசிஸ்டர்), கீழே 2.2 கிலோ ஓம். பிரீசெட்டைத் திருப்பினால் 13 முதல் 14.6 வோல்ட் வரை மட்டுமே நகரும், அதற்கு மேல் போகாது. பிரீசெட்டின் நடுக்காலை ஓரக்கால் ஒன்றோடு சேர்த்துவிடுங்கள். நடுக்கால் தொடர்பு விட்டுப்போனாலும் 14.6க்கு மேல் ஏறாது. 13ஆம் காலிலிருந்து 4க்கு 1 நானோ ஃபாரட். மின்னோட்ட வரம்புக்கு 2ஆம் காலை ஒரு டிஐபி35சியின் எமிட்டருக்கும், 3ஆம் காலை அதே 0.1 ஓம் ரெசிஸ்டரின் மறுமுனைக்கும் கொடுங்கள். அங்கே 0.65 வோல்ட் விழும்போது, அதாவது மொத்தம் 26 ஆம்பியர் அருகே, ஐசி பிடித்து நிறுத்தும்.

723க்கு மட்டும் தனியாக 18 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் சின்ன டிரான்ஸ்ஃபார்மர், சின்ன பிரிட்ஜ், 1000 மைக்ரோ ஃபாரட். இது எதற்கு? 13.8ஐக் கொடுக்க டிரான்சிஸ்டர்களுக்கும் ரெசிஸ்டருக்கும் ஐசிக்கும் சேர்த்து உள்ளே 19, 20 வோல்ட் வேண்டும். மாலையில் மின்சாரம் 200க்கு இறங்கினால் பெரிய கபாசிட்டரின் அடிமட்டம் 17 அளவுக்குத்தான் நிற்கும். ஐசிக்குத் தனி வோல்ட் கொடுத்துவிட்டால் அந்த 17ஐ வைத்தே சமாளித்துவிடும்.

4. நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்ட இடம்

எல்லாம் கட்டி, 13.8 துல்லியமாக வந்தது. கார் ஹெட்லைட் எச்4 பல்பின் இரண்டு இழைகளையும் சேர்த்து எரியவிட்டேன். கிட்டத்தட்ட 10 ஆம்பியர். முள் அசையவில்லை. ஆனால் மீட்டரை ஏசி மில்லி வோல்ட்டில் வைத்தபோது 120 காட்டியது. என் பிட்எக்ஸ் ரிக்கை மாட்டி காலை நெட்டில் (ஹாம்கள் கூடிப் பேசும் நேரம்) பேசினால், "உங்க ஆடியோவுக்குப் பின்னாடி உறுமல் வருது ஓஎம்" என்றார் ஒரு நண்பர் ('ஓஎம்' என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்).

கபாசிட்டரை இரட்டித்துப் பார்த்தேன். 723ஐ மாற்றினேன். இரண்டு மில்லி வோல்ட்கூடக் குறையவில்லை.

குற்றவாளி ஒரு சாண் நீள வயர். பிரிட்ஜின் மைனஸிலிருந்து கபாசிட்டரின் மைனஸுக்குப் போகும் கறுப்பு வயர், பழைய பெட்டியில் இருந்ததையே விட்டிருந்தேன். 723இன் கிரவுண்டை வசதியாக இருக்கிறதே என்று பிரிட்ஜின் மைனஸில் மாட்டியிருந்தேன். வெளியீட்டு மைனஸோ கபாசிட்டரிலிருந்து போனது.

இப்போது பாருங்கள். வெளியே 10 ஆம்பியர் சீராகப் போகிறது. ஆனால் டயோடு வழியே கபாசிட்டருக்குள் வரும் மின்னோட்டம் சீரானது அல்ல. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் இரண்டு மூன்று மில்லி நொடிக்குள் மொத்தத்தையும் கொட்டியாக வேண்டும். எனவே அந்த வயரில் நொடிக்கு நூறு முறை 30, 40 ஆம்பியர் அடி விழுகிறது. வயரும் அதன் முனையில் பச்சை பிடித்த லக்கும் சேர்ந்து 10 மில்லி ஓம் இருந்தாலே போதும், முனைக்கு முனை 300, 400 மில்லி வோல்ட் துள்ளும். 723 தன் கிரவுண்டை ஒப்பிட்டு வெளியீட்டைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கிரவுண்டே துள்ளுகிறது.

ஆகவே வயர் போகும் வரிசை இது: பிரிட்ஜிலிருந்து கபாசிட்டர் வரிசையின் ஒரு முனைக்கு. கபாசிட்டர்களை இணைக்கும் செம்புப் பட்டையின் மறு முனையிலிருந்து வெளியீட்டு டெர்மினலுக்கு. 723இன் 7ஆம் காலும், டிவைடரின் அடிமுனையும், 4.7 மைக்ரோ ஃபாரட்டின் மைனஸும், சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் மைனஸும் வெளியீட்டு மைனஸ் டெர்மினலிலேயே, தனித்தனி வயரில். டிவைடரின் மேல்முனை வெளியீட்டு பிளஸ் டெர்மினலில். மாற்றியதும் 120 மில்லி வோல்ட் 4 ஆனது. ஒரு உதிரி பாகமும் மாற்றவில்லை.

உங்கள் பெட்டியிலும் இதைச் சோதிக்கலாம். சுமை ஓடும்போது ஒவ்வொரு தடித்த வயரின் இரு முனைகளிலும் மில்லி வோல்ட் அளந்து பாருங்கள். கறுப்பு வயர் என்பது 'பூஜ்யம்' அல்ல, அதுவும் ஒரு ரெசிஸ்டர். தடித்த வயருக்கு 4 சதுர மி.மீ. செம்பு, ரிங் லக், நல்ல கிரிம்பிங் கருவி. 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்து இந்த வயரில் போராட வேண்டாம், மேலே பற்றினதுபோல் தெரியும், உள்ளே பற்றியிருக்காது.

5. ரிக்கைக் காப்பாற்றுவது

பெரும்பாலான ரிக்குகள் 13.8க்கு மேல் 15 சதவீதம், அதாவது 15.9 வரை தாங்கும். ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 24 வோல்ட் நேராக ரிக்குக்குள் போகும். அதனால் குரோபார் கட்டாயம், அதாவது வோல்ட் அளவு மீறினால் வெளியீட்டை ஷார்ட் செய்யும் காப்பு. கபாசிட்டருக்கும் டிரான்சிஸ்டர்களின் கலெக்டர்களுக்கும் இடையே 25 ஆம்பியர் கார் ஃபியூஸ். வெளியீட்டுக்குக் குறுக்கே டிஒய்என்640 எஸ்சிஆர் (கேட்டில் தூண்டினால் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும் பாகம்). அதன் கேட்டுக்கு 15 வோல்ட் ஸீனரும் 47 ஓமும், கேட்டிலிருந்து மைனஸுக்கு 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட்டும். 16 வோல்ட்டைத் தொட்டதும் எஸ்சிஆர் வெளியீட்டை ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும்.

வெளியீட்டில் 1000 மைக்ரோ ஃபாரட், டெர்மினல் இரண்டிலிருந்தும் பெட்டிக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக். ஹீட்சிங்க்கில் 50 டிகிரி கேஎஸ்டி301 வெப்பச் சுவிட்ச் ஒன்று வைத்து அதன் வழியாக ஃபேன்.

ரிக்கை மாட்டும் முன் ஹெட்லைட் பல்பு இரண்டை இணையாகப் போட்டு, சீரிஸ் பல்பை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஓட்டுங்கள். 20 ஆம்பியர் அருகே போகும். டிரான்சிஸ்டர்கள் நான்கும் ஒரே அளவு சூடாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எமிட்டர் ரெசிஸ்டர்களில் வோல்ட் அளந்தால் இன்னும் துல்லியம், நான்கிலும் அரை வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துக் கட்டிய ஒருவருக்கு 20 மீட்டரில் மைக்கை அழுத்தும்போது மட்டும் 13.8, 15க்கு ஏறியது. ஆன்டெனா வீட்டுக்கு மிக அருகில் இருந்ததால் ஆர்எஃப் (ரேடியோ அலை) டிசி வயர் வழியாக 723க்குள் புகுந்திருக்கிறது. ரிக்குக்குப் போகும் வயரை ஃபெரைட் வளையத்தில் ஆறு சுற்று சுற்றி, 4ஆம் காலுக்கும் 5க்கும் இடையே 1 நானோ ஃபாரட் செராமிக் போட்டதும் நின்றது.

இன்னொருவர் கேட்டது: டெர்மினலிலிருந்து டிவைடருக்கு வரும் பிளஸ் வயர் கழன்றால் என்ன ஆகும்? ஐசி வெளியீடு பூஜ்யம் என்று நினைத்து முழு வோல்ட்டையும் தள்ளும். குரோபார் காப்பாற்றும், ஃபியூஸ் போகும். அதைத் தவிர்க்க, எமிட்டர் ரெசிஸ்டர்கள் சேரும் இடத்துக்கும் டிவைடரின் மேல்முனைக்கும் இடையே 47 ஓம் ஒன்றைப் போர்டிலேயே சால்டர் செய்யுங்கள். வயர் கழன்றாலும் வோல்ட் சற்றே மாறும், அவ்வளவுதான். என் பெட்டியிலும் போன வாரம் இதைச் சேர்த்துவிட்டேன்.