பழைய ஸ்கூட்டர் வாங்கியாச்சா? கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பழைய ஸ்கூட்டர் கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் திருகுவதுதான். வண்டி திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கடைந்த ஏர் ஃபில்டரோ, தேய்ந்த பிளக்கோ, மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலோதான். அதை விட்டுவிட்டு ட்யூனிங்கை மாற்றினால் ஒரு கோளாறு இரண்டாகும். கீழே உள்ள வரிசை கியர் இல்லாத நான்கு ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்கானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. நிற்குமா என்று முதலில் பாருங்கள்

பிரேக், டயர், ஹேண்டில். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேல்பரப்பில் உள்ள மேடுகள்) நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று சிக்கினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது.

2. ஆயில், இரண்டும்

முன்னவர் எப்போது மாற்றினார் என்று சொன்னதை நம்ப வேண்டாம். இன்ஜினை மூன்று, நான்கு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்ததும் பழைய ஆயிலை வடியுங்கள். பால் கலந்ததுபோல் வெளிறியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. உலோகத் துண்டுகள் தென்பட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். எந்த ஆயில், எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கியர் ஆயில் இருக்கிறது. அளவு கொஞ்சம்தான், ஆனால் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

3. பேட்டரி

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்ட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் சுமார் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் புது பேட்டரி வாங்கியும் பயனில்லை. சார்ஜிங் பக்கம்தான் கோளாறு.

4. காற்றும் பிளக்கும்

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, கையேடு சொன்னபடி எண்ணெய் தடவிப் போடலாம். எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

பிளக்கை இன்ஜின் ஆறியபின் கழற்றுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈர எண்ணெய் என்றால் இன்ஜினுக்குள் ஆயில் எரிகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. திரும்பப் போடும்போது கையாலேயே கடைசிவரை திருகி, அப்புறம்தான் ஸ்பேனர். அலுமினிய மரை ஒருமுறை போனால் பிளக் விலையில் வேலை முடியாது.

5. பெட்ரோல்

புளித்த வார்னிஷ் வாடை வந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். திறந்தவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் நெருப்பில்லாமல். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பார்த்தால் துருவும், அடியில் உருளும் தண்ணீர்க் குமிழும் தெரிந்துவிடும்.

6. இப்போது கார்புரேட்டர்

பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். மிக்சர் ஸ்க்ரூவை (பெட்ரோல், காற்றுக் கலவையை மாற்றுவது) மென்மையாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதிவைத்துவிட்டு, அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த எண் இல்லாமல் மேலே போகாதீர்கள். சில கார்புரேட்டரில் வெளியே திருகினால் பெட்ரோல் கூடும், சிலவற்றில் காற்று கூடும். அதனால் திசையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேளுங்கள். கால் சுற்றாகத் திருகி, இன்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவால், முறுக்காமல் நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கையேட்டின் அளவுக்குக் குறையுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிப்பது) இந்த வேலையே கிடையாது. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகுகிறதா, இன்ஜின் விளக்கு எரிந்து அணைகிறதா என்று மட்டும் பாருங்கள். அணையாவிட்டால் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

இன்னும் சரியாகவில்லையா?

இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை: இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட், ரோலர், கிளட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் பிக்கப்பில் விக்கல் வரும். கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளட்ச் ஷூவைப் பாருங்கள்.

கொஞ்ச தூரம் ஓடி நின்று, சிறிது நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனால், நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும். சத்தமில்லை, இன்ஜின் சூடானால் மட்டும் நிற்கிறது என்றால் வால்வு இடைவெளி, இக்னிஷன் காயில் இரண்டையும் சோதிக்க வேண்டும். வால்வு இடைவெளியை இன்ஜின் முழுதாக ஆறியபின்தான் அளக்க வேண்டும்.

குளிர்ந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, விட்டுவிடுங்கள். கரும்புகை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.