பழைய வீடியோ கேமைக் கம்ப்யூட்டரில் போடும்போது சொதப்பும் இடங்கள்

சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய கேசட் ஞாபகம் இருக்கிறதா? மேலே ‘9999 இன் 1’ என்று ஸ்டிக்கர், உள்ளே ஏழெட்டு கேம்தான் பெயர் மாறி மாறி வரும். கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் அது இருந்தது, அந்த வீட்டுப் பையனோடு யாருமே சண்டை போட மாட்டோம்.

அந்த ஆசையில் எமுலேட்டர் (கம்ப்யூட்டரைப் பழைய கன்சோல் மாதிரி நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர்) போடுகிறவர்கள் முதலில் மாட்டுவது டவுன்லோடில். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே சுமார் 40 கேபி, வாட்ஸ்அப் குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அதற்குப் போய் 60 எம்பியில் ஒரு செட்டப் ஃபைல் வந்து ‘இன்ஸ்டால் பண்ணு’ என்று கேட்டால், வந்திருப்பது மாரியோ இல்லை. கேம் ஃபைல் தானாக ஓடாது, எமுலேட்டர்தான் அதைத் திறக்கும்.

அடுத்தது பிளேஸ்டேஷன் 1. இங்கேதான் பலர் ‘கறுப்பாவே நிக்குதுங்க’ என்று புலம்புவது. பெரும்பாலான எமுலேட்டர்கள் பயாஸ் கேட்கும், அதாவது கன்சோலை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம். அது 512 கேபி ஃபைல், சோனியின் சொத்து என்பதால் எமுலேட்டரோடு சேர்ந்து வராது, சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் முறை. அப்புறம், கேமோடு பின் (.bin), கியூ (.cue) என்று இரண்டு ஃபைல் இருக்கும். கியூ ஒரு கேபிகூட இருக்காது என்பதால் குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், டிஸ்கில் எந்த டிராக் எங்கே தொடங்குகிறது என்று எழுதியிருக்கும். அது இல்லாவிட்டால் சில கேம்களில் பாட்டே வராது. பின் ஃபைலுக்கு அழகாகப் பெயர் மாற்றினாலும் சிக்கல்தான், கியூவுக்குள் பழைய பெயரே இருக்கும்.

பட்டன் அழுத்தி அரை நொடி கழித்துக் குதிக்கிறதா? எமுலேட்டரைத் திட்டுவதற்கு முன் டிவியில் கேம் மோடை (படம் தாமதமாக வருவதைக் குறைக்கும் செட்டிங்) போட்டுப் பாருங்கள்.

நான் நிஜமாகவே நொந்துபோனது சேவ் விஷயத்தில். போன மே மாதம், மாங்காயை உதிர்க்கிற மாதிரி ஒரு சாயங்காலக் காற்று. அக்கா பையன் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் சாஃப்ட்வேரில் மூன்று மணி நேரமாக ஒரு கேம்பாய் கேம் ஆடிக்கொண்டிருந்தான், கரண்ட் போனது. ‘சேவ் பண்ணிட்டேன் மாமா’ என்று தைரியமாகத்தான் இருந்தான். திரும்பப் போட்டால் நேற்றைய இடத்தில் நிற்கிறது. விஷயம் இதுதான்: கேமுக்குள் சேவ் செய்தால் அது முதலில் மெமரியில்தான் உட்காரும், ஆட்டோசேவ் ஆஃப்பில் இருந்தால் கேமை முறையாக மூடும்போதுதான் டிஸ்குக்குப் போகும். செட்டிங்ஸில் சேவிங் பக்கத்தில் ‘சேவ்ராம் ஆட்டோசேவ் இன்டர்வல்’ என்று ஒன்று உண்டு, அதை நான் முதலிலேயே 10 நொடி என்று வைத்திருக்க வேண்டும். சேவ் ஸ்டேட் (ஆடிக்கொண்டிருக்கும் அந்த நொடியை எமுலேட்டரே அப்படியே சேமிப்பது) போதுமே என்றால், எமுலேட்டரை அப்டேட் செய்த பிறகு பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம், அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 10 நொடி வைத்தாயிற்று. ஆனாலும் ஜன்னல் கதவு லேசாக ஆடினால் போதும், அவன் கேமை மூடிவிட்டு எழுந்துவிடுகிறான்.