பனிப்பாறை உடைவதைக் கரையில் நின்று பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு ஒவ்வொரு வசந்தத்திலும் பனிப்பாறைகள் வந்து சேர்கின்றன. பெரும்பாலானவை கிரீன்லாந்தின் மேற்குக் கரைப் பனியாறுகளில் இருந்து உடைந்தவை. பாஃபின் விரிகுடாவைச் சுற்றி, லாப்ரடார் நீரோட்டத்தோடு இரண்டு மூன்று ஆண்டுகள் பயணித்து, ட்வில்லிங்கேட், போனவிஸ்டா, செயின்ட் ஜான்ஸ், ஃபெரிலாந்து என்று தெற்கே இறங்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை இதற்கான பருவம். வடக்கே செயின்ட் ஆண்டனி பக்கம் ஜூலையிலும் கிடைக்கும்.

புதிதாக வருகிறவர்கள் பருவத்துக்குப் பருவம் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கனமான ஜாக்கெட் வேண்டும், கேமராவுக்குக் கூடுதல் பேட்டரி வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும்; அதை விட்டுவிடுவோம். ஊர் திரும்ப முடியாமல் செய்யக்கூடிய தவறுகள் வேறு.

தரைதட்டி நிற்கிறது, இனி அசையாது என்று நம்புவது

2017 ஏப்ரலில் ஃபெரிலாந்து கரைக்கு மிக அருகே சுமார் 46 மீட்டர் உயரமுள்ள பனிப்பாறை ஒன்று வந்து நின்றது. ஈஸ்டர் விடுமுறையில் அதைப் பார்க்கக் கிளம்பிய கார்களால் அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையே நெரிசலில் திணறியது. இப்படி ஊருக்குப் பக்கத்தில் நிற்பவை பெரும்பாலும் அடிப்பகுதி கடல்தரையில் சிக்கியவை. நாள்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பதால் மலையைப் பார்ப்பது போல நிம்மதியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

தரைதட்டியதுதான் கவனமாகப் பார்க்க வேண்டிய பாறை. மிதக்கும் பாறை தன் எடை மாறும்போதெல்லாம் சாய்ந்தோ புரண்டோ சமநிலைக்கு வந்துகொள்ளும். தரையில் சிக்கியதற்கு அந்த வசதி குறைவு. கடல் வற்றும்போது எடையில் ஒரு பங்கு தரை மேல் இறங்குகிறது. ஏறும்போது மறுபடி தூக்கப்படுகிறது. நியூஃபவுண்ட்லாந்தின் கிழக்குக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர்தான். ஆனால் லட்சக்கணக்கான டன் எடையுள்ள, ஏற்கெனவே விரிசல் விட்ட பனிக்கு அந்த ஒரு மீட்டரே போதும். உள்ளூர் ஏற்றவற்ற அட்டவணையைக் கைப்பேசியில் எடுத்துவைத்துக்கொண்டு, கடல் திரும்பும் நேரங்களில் கூடுதல் விழிப்போடு இருங்கள். முந்தைய இரவு பேரலை அடித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

உச்சியையே பார்த்துக்கொண்டிருப்பது

கோபுரமும் வளைவும் கண்ணை இழுக்கும். அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டுவது நீர்மட்டக் கோடு. நல்ல பைனாகுலரை அங்கே திருப்பினால் சில விஷயங்கள் தெரியும்.

அலை படும் உயரத்தில் பனி வேகமாகக் கரைந்து உள்நோக்கி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் ஆழமாக ஆழமாக, மேலே துருத்தி நிற்கும் சுவருக்குத் தாங்கல் இல்லாமல் போகிறது. கடைசியில் அந்தச் சுவர் மொத்தமாக இறங்கும். அதே சமயம் நீருக்கடியில் கரையாத பனி ஒரு திண்ணையைப் போல வெளியே நீண்டிருக்கும். வெயில் நாளில் பாறையின் காலடியில் பச்சையும் நீலமும் கலந்த வெளிறிய பட்டையாகத் தெரிவது அதுதான். மேலே இருந்த சுமை விழுந்ததும், இந்தத் திண்ணையை மிதப்பு விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. அது முறிந்தால் நீருக்கடியில் இருந்து பனித்துண்டு எகிறிக் கிளம்பும். மேலே இருந்து விழுவதற்கு மட்டும் தயாராக இருப்பவர்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை.

பழைய நீர்மட்டக் கோடுகள் பாறையின் உடலில் சாய்வாக ஓடினால், அது ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழவழப்பாக, சிறுகுழிகளோடு பளபளப்பாகவும் இருந்தால், அந்த வழவழப்பான பக்கம் அண்மைவரை நீருக்கடியில் இருந்தது; பாறை புரண்டு அதிக நாள் ஆகவில்லை. நீலக் கோடுகளைப் பார்த்துப் பதற வேண்டாம். பனியாறாக இருந்த காலத்தில் விரிசலுக்குள் இறங்கிய உருகுநீர் மறுபடி உறைந்த தடம் அது. சிறு துண்டுகள் உதிர்வது அடிக்கடி ஆவதும், வேட்டுப் போன்ற சத்தம் நெருங்கி நெருங்கிக் கேட்பதும் பதற வேண்டிய அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் உடையும்.

விழுந்து முடிந்துவிட்டது என்று தண்ணீரை நோக்கி இறங்குவது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சலும் பயமும் சேர்ந்தே வருகின்றன. பாறை சரிகிறது. கரையில் இருப்பவர்கள் கத்துகிறார்கள், கை தட்டுகிறார்கள். பனி நீரில் விழுந்த சத்தம் அடங்குகிறது. உடனே நாலு பேர், குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, மிதந்து வரும் துண்டுகளைப் பார்க்கக் கூழாங்கல் கரைக்கு இறங்குகிறார்கள். அலை இன்னும் வந்து சேரவில்லை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். பாறை 600 மீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விழும் காட்சி உடனே தெரிகிறது. சத்தம் வினாடிக்கு 340 மீட்டர் வேகத்தில், 2 வினாடிக்குள் வந்துவிடும். அலையின் கதை வேறு. மிக நீண்ட அலைகூட ஆழத்தைப் பொறுத்த ஒரு வேகத்தை மீற முடியாது: 90 மீட்டர் ஆழத்தில் வினாடிக்குச் சுமார் 30 மீட்டர், 40 மீட்டர் ஆழத்தில் 20, 10 மீட்டர் ஆழத்தில் 10. பனிப்பாறை எழுப்பும் அலைகளில் பெரும்பாலானவை நீளம் குறைந்தவை, அதனால் இதைவிட மெதுவாகவே வரும். ஆக, 600 மீட்டரைக் கடக்க அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு மேல்வரை ஆகலாம். கைத்தட்டல் ஓய்ந்து, கேமராவைத் தோளில் மாட்டி, சரிவில் இறங்கித் தண்ணீரைத் தொடுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கும். அலையைப் போய்ச் சந்திக்க நேரம் குறித்துக்கொண்டு நடப்பதற்கு இது சமம்.

கரை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. நடுக்கடலில் தாழ்ந்த மேடாகத் தெரிந்தது, குறுகலான குடாவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு எழும்பும். படகு இழுத்து ஏற்றும் சாய்தளத்தில் தடையே இல்லாமல் மேலே ஓடும். அந்தத் தண்ணீரோடு பனித்துண்டுகளும் வருகின்றன. ஒரு கன மீட்டர் பனி சுமார் 900 கிலோ. முழங்கால் உயரத் தண்ணீரில் அப்படி ஒன்று உருண்டு வந்தால் காலை முறித்துவிடும்.

முதல் அலையோடு முடிவதும் இல்லை. ஒரு பகுதி விழுந்ததும் மீதிப் பாறையின் எடையும் மையமும் மாறிவிடுகின்றன. அது மேலே எழும்பி, சாய்ந்து, சில சமயம் முழுவதுமாகப் புரண்டு, பிறகு நிலைகொள்ளும்வரை நிமிடக்கணக்கில் ஊசலாடும். ஒவ்வொரு ஊசலுக்கும் ஒரு அலை. முதலில் விழுந்த துண்டைவிட, பிறகு புரளும் முழுப் பாறைதான் பெரும்பாலும் பெரிய அலையை எழுப்புகிறது.

கிரீன்லாந்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இலுலிசாட் பனிக்கழிமுகத்தின் ஓரத்தில், செர்மெர்மியுட் என்ற இடத்தில், கடற்கரையில் நடக்காதே, திடீர் அலையால் உயிர் போகலாம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் இன்னார்சுயிட் என்ற தீவுக் கிராமத்தின் முன்னால் சுமார் 100 மீட்டர் உயரமும் 1.1 கோடி டன் எடையும் உள்ளதாகக் கணிக்கப்பட்ட பனிப்பாறை வந்து நின்றபோது, 169 பேர் வாழ்ந்த அந்த ஊரில் கரையோர வீடுகளில் இருந்த 33 பேரை மேட்டுக்கு மாற்றினார்கள். அவர்கள் அஞ்சியது வீட்டின் மேல் பனி விழும் என்றல்ல. உடைந்தால் எழும் அலைக்கு அஞ்சினார்கள். பனியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் அலைக்கு அஞ்சி வீட்டை விட்டு ஏறும்போது, நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர் கரையில் நிற்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

செய்ய வேண்டியது கடினமில்லை. தண்ணீர் மட்டத்தில் இருந்து குறைந்தது 10 மீட்டர் உயரத்தில், பாறைத் திட்டிலோ சாலையோரத்திலோ நில்லுங்கள். குடாவின் உள்முனை, மரப் படகுத்துறை, சாய்தளம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ந்த கற்பாறை ஆகியவற்றைத் தவிருங்கள். பின்னால் ஏறிச் செல்ல வழி இருக்கிறதா என்று கேமராவை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கரையின் செங்குத்துச் சரிவின் நுனியும் வேண்டாம். அங்கே மண் பெயர்ந்து விழும். உடைந்ததும் பார்வையைப் பனிப்பாறையில் இருந்து நடுநீருக்கு மாற்றுங்கள். கரையில் தண்ணீர் திடீரென்று பின்வாங்கினால் அடுத்த நொடியே மேலே ஏறுங்கள், எதையும் எடுக்கக் குனியாதீர்கள். பாறையின் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கி, அதன் பிறகு இன்னொரு 20 நிமிடமாவது போகும்வரை யாரும் கரைக்கு இறங்க வேண்டாம். குழந்தைகளோடு வருபவர்கள் ஒரு பெரியவரைக் கேமரா இல்லாமல் நிறுத்துங்கள். அவருடைய வேலை குழந்தைகளையும் தண்ணீரையும் பார்ப்பது மட்டும்.

படகில் போகும்போது தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது

நியூஃபவுண்ட்லாந்தில் சொல்லப்படும் விதி: பனிப்பாறையின் நீளம், அல்லது உயரத்தின் இரு மடங்கு, இதில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்கு உள்ளே போகக் கூடாது. 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் உயரம் என்றால் 80 மீட்டர். 200 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம் என்றால் 200. இதைக் குறைந்தபட்ச எல்லையாக மட்டும் கொள்ளுங்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கிறது, அது எந்தப் பக்கம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

வெறும் கண்ணால் கடலில் உயரமோ தூரமோ பிடிபடாது. ஒப்பிட மரமோ வீடோ இல்லை. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் சுமார் 2 பாகை, 1 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 35 மீட்டரை மறைக்கும். தூரம் வேண்டுமென்றால், துண்டு முறிவதைப் பார்த்த கணத்தில் இருந்து வெடிச்சத்தம் கேட்கும்வரை வினாடிகளை எண்ணி 340-ஆல் பெருக்குங்கள்.

கயாக்

துடுப்பு வலிக்கும் இந்தக் குறுகிய படகில் தனியாகப் போக வேண்டவே வேண்டாம். நீரின் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியோ அதற்குச் சில பாகை மேலேயோதான் இருக்கும். விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொல்பேச்சுக் கேட்பது 10 நிமிடம்தான், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் என்பது குளிர்நீர்ப் பாதுகாப்பில் சொல்லித்தரப்படும் கணக்கு. சாதாரண மிதவை அங்கி மூழ்காமல் காக்கும். குளிரில் இருந்து காக்காது.

கேமராவின் சட்டகத்தை இறுக்கி வைப்பது

உச்சியை நெருக்கமாகப் பிடித்து வைத்தவருக்கு உடையும்போது வெறும் வானம்தான் மிஞ்சும். பாறை சட்டகத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கீழே தண்ணீருக்குத் தாராளமாக இடம் விடுங்கள். தெறிப்பும், கீழிருந்து எகிறும் துண்டும், அலையும் அங்கேதான் நடக்கும். ஃபோகஸைப் பாறையில் பிடித்துக் கையியக்கத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும் நீர்த்திவலைகள் தானியங்கி ஃபோகஸைக் குழப்பும். ஷட்டர் 1/1000 வினாடியோ அதைவிட வேகமாகவோ. மேகமூட்டத்தில் வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். நேர் வெயிலில் கூட்டக் கூடாது, நீலமெல்லாம் வெளுத்துப்போகும். கேமரா பதப்படுத்தாத ராவ் கோப்பில் எடுத்தால் பிறகு சரிசெய்ய இடமிருக்கும்.

வீடியோ எடுப்பவர்கள் பாறை விழுந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். புரளும் காட்சி அதன் பிறகுதான் வரும்.

மூடுபனியில் காத்திருப்பது

இந்தக் கரையில் மூடுபனி அரை மணியில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்ட 155 ஈழத் தமிழரை உள்ளூர் மீனவர்கள் கண்டெடுத்துக் காப்பாற்றியதும் இதே தீவின் தென்கிழக்குக் கடலில், மூடுபனிக்கு நடுவேதான். பாறை மறைந்துவிட்டால் அலை வருவதும் தெரியாது. கேட்கும் சத்தம் எந்தத் திசையில் என்றும் சொல்ல முடியாது. காருக்குத் திரும்புங்கள்.

நேற்றைய வரைபடத்தை நம்பிக் கிளம்புவது

மாகாணச் சுற்றுலாத் துறையின் ஐஸ்பெர்க் ஃபைண்டர் தளத்தில் ஒவ்வொரு குறிக்கும் தேதி இருக்கும். தேதியைப் பாருங்கள், தங்கும் விடுதிக்குப் போன் செய்து கேளுங்கள், பிறகு காரை எடுங்கள்.

ட்ரோன்

கனடாவில் 250 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ளதைப் பறக்கவிடப் பதிவும் ஓட்டுநர் சான்றிதழும் கட்டாயம். பஃபின் பறவைகள் கூடு கட்டும் தீவுகளின் பக்கம் எந்த எடையிலும் வேண்டாம்.

கரையொதுங்கிய பனியை அள்ளுவது

20 நிமிடக் காத்திருப்பு முடிந்த பிறகு, அலை எட்டாத இடத்தில் கிடப்பதை மட்டும் எடுங்கள். மிதப்பதை நீருக்குள் இறங்கி இழுக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவினால் மேலே ஒட்டிய உப்பு போய்விடும். கோப்பையில் போட்டால் சடசடவென்று வெடிக்கும். பழங்காலக் காற்று அழுத்தத்தில் அடைபட்டுக் குமிழ்களாக இருக்கிறது.