டார்ச் லைட் வாங்குமுன் பட்டனைப் பாருங்கள்: எந்த ஸ்விட்ச், எந்த இடத்தில்?

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் முதலில் தேடுவது லூமன் எண்ணைத்தான், அதாவது எவ்வளவு வெளிச்சம் என்ற அளவை. அதில் தப்பில்லை. ஆனால் வாங்கிய பிறகு தினமும் விரல் தொடப்போவது பட்டனை. பட்டன் கைக்கு ஒத்துவராத டார்ச் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் கொஞ்ச நாளில் மேஜை டிராயருக்குள் போய்விடும். அதனால், முதல்முறை நல்ல டார்ச் வாங்குகிறவர்களுக்காக ஸ்விட்சை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் ஏதாவது ஒரு டார்ச் இருந்தால் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: உங்கள் கை எப்படிப் பிடிக்கிறது?

டார்ச் இல்லாவிட்டால் ஒரு தடிமனான மார்க்கர் பேனா போதும். நீங்கள் எந்த வேலைக்காக வாங்குகிறீர்களோ அந்த வேலையைச் செய்வதாக நினைத்துப் பிடித்துப் பாருங்கள்.

வரப்பிலோ தெருவிலோ நடக்கும்போது கை கீழே தொங்கும், வெளிச்சம் காலுக்கு முன்னால் விழ வேண்டும். அப்போது கட்டைவிரல் டார்ச்சின் மேல்பக்கத்தில், கண்ணாடி இருக்கும் முனையை நோக்கிப் படுத்திருக்கும். அந்த இடத்தில் பட்டன் இருந்தால் பிடியை மாற்றாமல் அமுக்கலாம்.

தோட்டத்தில் ஏதோ சத்தம் கேட்டு டார்ச்சைத் தோள் உயரத்துக்குத் தூக்கி அடித்துப் பார்க்கிறீர்கள் என்றால் கை தலைகீழாகத் திரும்பிவிடும். சுண்டுவிரல் பக்கம் விளக்கு, கட்டைவிரல் பின்முனையில். இந்தப் பிடிக்குப் பின்பக்க பட்டன்தான் சரி.

உங்கள் வேலையில் எந்தப் பிடி அதிகம் வருகிறது என்று முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

படி 2: பட்டன் எந்த இடத்தில்?

பின்பக்க பட்டனின் பெரிய வசதி, இருட்டில் தேட வேண்டியதில்லை. டார்ச்சுக்கு இரண்டு முனை. ஒன்றில் கண்ணாடி, இன்னொன்றில் பட்டன். எந்தத் தூக்கத்திலும் விரல் கண்டுபிடித்துவிடும். குறை என்னவென்றால், கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது ஒவ்வொரு தடவையும் பிடியை மாற்றித்தான் அமுக்க முடியும். இன்னொன்று, கரண்ட் போனால் டார்ச்சை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம். பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் டார்ச் நிற்காது. பட்டனைச் சுற்றி விளிம்பு உயர்ந்திருக்கும் மாடலாகப் பார்த்தால் நிற்கும்; ஆனால் விளிம்பு அதிகம் உயர்ந்தால் அமுக்குவது கஷ்டம். கடையில் இரண்டையும் செய்து பாருங்கள்.

பக்கவாட்டு பட்டன் இருந்தால் பின்முனை காலியாகக் கிடைக்கும். அங்கே காந்தம் வைத்த மாடல்கள் உண்டு. பைக், கார் வேலை பார்க்கிறவர்கள் பானட்டில் ஒட்டவைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டினாலும் பக்கவாட்டு பட்டன்தான் எட்டும். ஓரடி நீளமுள்ள, மூன்று பெரிய செல் போடும் பழைய மேக்லைட்டைக் கவனித்தால் பட்டன் தலைப்பக்கம் ஒட்டியே இருக்கும். அவ்வளவு நீளமான, கனமான டார்ச்சை முன்பக்கம் பிடித்தால்தான் கை வலிக்காது. பட்டனும் அங்கேதானே இருக்க வேண்டும்?

பக்கவாட்டு பட்டனின் தொல்லை, உருளையான உடம்பில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. விரல் சுற்றிச் சுற்றித் தேடும். இதற்கு எளிய வழி: பாக்கெட்டில் மாட்டும் கிளிப் பெரும்பாலான மாடல்களில் அழுத்தி மாட்டியதுதான், கழற்றித் திருப்பலாம். கிளிப் பட்டனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும்படி வைத்துவிடுங்கள். உள்ளங்கையில் கிளிப் பட்டால் கட்டைவிரலடியில் பட்டன் இருக்கும்.

இரண்டு இடத்திலும் பட்டன் உள்ளவையும் வருகின்றன. ஃபீனிக்ஸ் பிடி35 மாதிரியானவற்றில் பின்பக்கம் எரிக்க, அணைக்க. பக்கவாட்டில் வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க. பழகிவிட்டால் சௌகரியம்தான். ஆனால் வீட்டில் நாலு பேர் எடுக்கும் டார்ச் என்றால் இது வேண்டாம் என்பேன். அவசரத்தில் ஒருவர் தப்பான பட்டனை அமுக்கிவிட்டு, ‘இது ரிப்பேர்’ என்று வைத்துவிடுவார்.

படி 3: எந்த வகை?

தள்ளும் ஸ்விட்ச். நம் ஊரில் பல வருஷம் எல்லா வீட்டிலும் இருந்தது இதுதான். முன்னால் தள்ளினால் எரியும், பின்னால் இழுத்தால் அணையும். பழசு என்று ஒதுக்க வேண்டாம். எந்த நிலையில் இருக்கிறது என்று விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். பேட்டரி தீர்ந்து போயிருந்தாலும் ஸ்விட்ச் போட்டபடி கிடக்கிறதா என்று தெரியும். வயதானவர்களுக்கு நான் இன்றும் சொல்வது இதைத்தான். தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும் என்பதுதான் பெரிய குறை.

திருகும் வகை. தலையைத் திருகினால் எரியும். சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன டார்ச்சுகளில் அதிகம். கெட்டுப்போக உள்ளே எதுவுமே இல்லை. ஆனால் ஒரு கையில் பை இருந்தால் திண்டாட்டம்.

கிளிக் வகை. புதியவர்கள் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பால்பாயின்ட் பேனா போல ‘டிக்’ என்று அமுங்கி நிற்கும் ஸ்விட்ச் இது. இதில் இரண்டு ரகம்.

ஃபார்வர்டு கிளிக்கில், ‘டிக்’ வருவதற்கு முன்னாலேயே, பாதி அமுக்கும்போதே எரியும். விரலை எடுத்தால் அணையும். தொடர்ந்து எரிய வேண்டுமானால் முழுசாக அமுக்க வேண்டும். ஒரு விநாடி அடித்துப் பார்த்துவிட்டு அணைக்க, தூரத்தில் இருப்பவருக்குச் சைகை காட்ட இதுதான் வசதி. அமுக்கிப் பிடித்தால் மட்டும் எரிவது புது ஏற்பாடும் இல்லை. 1899-இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் காப்புரிமை பெற்ற கைவிளக்கின் காலத்தில் பேட்டரியும் பல்பும் தொடர்ந்து எரியத் தாங்காது, விட்டுவிட்டுத்தான் எரிப்பார்கள்.

ரிவர்ஸ் கிளிக்கில், முழுசாக அமுக்கி விரலை எடுத்த பிறகுதான் எரியும். எரிந்துகொண்டிருக்கும்போது லேசாகத் தட்டினால் ஒரு கணம் மின்சாரம் துண்டிக்கப்படும். உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை அடையாளமாக எடுத்துக்கொண்டு அடுத்த வெளிச்ச அளவுக்குப் போகும். கான்வாய் எஸ்2+ போன்ற பிரபலமான டார்ச்சுகள் இந்த ரகம். அடிக்கடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பவர்களுக்கு இது நல்லது. விலை மலிவான ஜூம் டார்ச்சுகளிலும் (தலையை இழுத்து வெளிச்சத்தைக் குவிப்பவை) பெரும்பாலும் இதே ஸ்விட்ச்தான், ஆனால் அதிகம், குறைவு, ஸ்ட்ரோப் (வேகமாக மின்னுவது), எஸ்ஓஎஸ் (ஆபத்துச் சைகை) என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் போட்டு வைத்திருப்பார்கள். வெளிச்சம் குறைக்கப் போய் ஒவ்வொரு தடவையும் பளிச் பளிச் என்று மின்னலைத் தாண்டிப் போக வேண்டும். எனக்கு டார்ச்சில் பிடிக்காத ஒரே விஷயம் இது.

எலக்ட்ரானிக் பட்டன். பக்கவாட்டு பட்டன்கள் இன்று பெரும்பாலும் இதுதான். கிளிக் வகையில் விளக்குக்குப் போகும் முழு மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகவே போகிறது; இதில் பட்டன் உள்ளே இருக்கும் சின்ன சிப்புக்குச் சேதி மட்டும் சொல்கிறது. அதனால்தான் நிறைய மின்சாரம் இழுக்கும் மிகப் பிரகாசமான டார்ச்சுகளில் இதை வைக்கிறார்கள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, அமுக்கிப் பிடிப்பது என்று ஒரே பட்டனில் பல வேலை வாங்கலாம். குறை என்னவென்றால், அணைத்து வைத்திருந்தாலும் சிப் விழித்துக்கொண்டே இருக்கும். 3000 மில்லி ஆம்பியர்-மணி (mAh) பேட்டரியில் அது 0.05 மில்லி ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 60,000 மணி நேரம் வரும், கவலையே இல்லை. பட்டனுக்குள் ஒரு குட்டி விளக்கு எப்போதும் எரிந்து 1 மில்லி ஆம்பியர் இழுத்தால் 3000 மணி நேரம், அதாவது 125 நாள். கார் டேஷ்போர்டிலோ முதலுதவிப் பெட்டியிலோ மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகிற டார்ச்சுக்கு இது முக்கியம்.

காந்த வளையம் என்று ஒன்றும் உண்டு. வளையத்தைத் திருப்பினால் வெளியே காந்தம் நகர, உள்ளே இருக்கும் சென்சார் அதை உணரும். உடம்பில் பட்டனுக்கென்று ஓட்டை போட வேண்டியதில்லை என்பதால் முத்துக்குளிப்பது போன்ற ஆழமான வேலைகளுக்கான டைவிங் விளக்குகளில் இது சகஜம். நமக்குத் தேவைப்படுவது அபூர்வம்.

படி 4: கடையில் செய்ய வேண்டிய சோதனை

டார்ச் அணைந்திருக்கும்போது பாதி அமுக்குங்கள். எரிந்தால் ஃபார்வர்டு. ‘டிக்’ கேட்டு, விரலை எடுத்த பிறகு எரிந்தால் ரிவர்ஸ். ‘டிக்’ என்று அமுங்கி நிற்காமல், அமுக்கிப் பிடித்தால் வேறு ஏதோ ஆகிறது என்றால் எலக்ட்ரானிக். பேட்டரியைப் போட்டு மூடியைத் திருகும்போதே தானாக ஒருமுறை மின்னினாலும் பெரும்பாலும் அதுதான்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எரியுங்கள். இடது கையாலும் செய்து பாருங்கள், ஏனென்றால் வலது கையில் குடையோ பைக் சாவியோ இருக்கும் நேரத்தில்தான் டார்ச் தேவைப்படும். அணைத்துவிட்டு மறுபடி எரித்தால் எந்த வெளிச்சத்தில் தொடங்குகிறது என்றும் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் விற்பவர் எழுதியதை மட்டும் நம்பாமல் கையேட்டின் படத்தைத் தேடிப் படியுங்கள். ‘டாக்டிகல் ஸ்விட்ச்’ என்ற சொல்லை எந்த வகை ஸ்விட்சுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

படி 5: பாக்கெட்டில் தானாக எரியாமல்

இது சின்ன விஷயமில்லை. சக்திவாய்ந்த டார்ச் பைக்குள் முழு வெளிச்சத்தில் எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சூடாகும். துருத்திய பட்டனுக்கு இந்த ஆபத்து அதிகம், பள்ளத்தில் அமர்ந்த பட்டனுக்குக் குறைவு.

பூட்ட இரண்டு வழி. முதலாவது, பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துவது. மரைப் பகுதியில் கருப்போ வேறு நிறமோ பூசிய அனோடைஸ் பூச்சு இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தாது, எனவே தளர்த்தியதும் தொடர்பு அறுந்துவிடும். சிப் இழுக்கும் மின்சாரமும் நிற்கும். மரை வெறும் உலோகமாகப் பளபளத்தால் இந்த வழி பெரும்பாலும் பலிக்காது. தளர்த்திவிட்டு பட்டனை அமுக்கிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். இரண்டாவது, எலக்ட்ரானிக் பட்டனில் உள்ள பூட்டு. ஆண்ட்யூரில் 2 என்ற மென்பொருள் உள்ள டார்ச்சுகளில் அணைந்திருக்கும்போது நாலு தட்டு தட்டினால் பூட்டிக்கொள்ளும். மற்றவற்றில் முறை மாறும். என் ஓட்டு முதல் வழிக்குத்தான். தட்டும் கணக்கு பதற்றத்தில் மறந்துவிடும்.

படி 6: பின்னால் ரிப்பேர் பார்க்க முடியுமா?

பின்பக்க கிளிக் ஸ்விட்ச் என்றால் பல மாடல்களில் முடியும். பின்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். இரண்டு சின்னக் குழி உள்ள வளையம் தெரிந்தால், கூர்மூக்குக் கொறடாவின் இரண்டு நுனியை அந்தக் குழிகளில் வைத்துத் திருகினால் வளையம் வெளியே வரும், ஸ்விட்சும் ரப்பர் மூடியும் பின்னாலேயே வந்துவிடும். ஸ்பிரிங் எந்த வரிசையில் வந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மூடிதான் முதலில் கிழியும், கிழிந்தால் தண்ணீர் உள்ளே போகும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, டார்ச் வாங்கும்போதே ஒன்றிரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள். பக்கவாட்டு எலக்ட்ரானிக் பட்டன் பெரும்பாலும் உள்ளே பற்றவைத்த போர்டில் இருக்கும். சால்டரிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும், எனவே அதற்கு வாரண்டி எத்தனை மாதம் என்று பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.