ஒரு பக்கெட் தண்ணீரில் தொடங்கும் டிரையத்லான்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வே இல்லாமல் முடிப்பதுதான் டிரையத்லான். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான போட்டி. அங்கே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். இதைச் சொன்னதும் என் அம்மா, "பிள்ளையை என்னடா பண்ணப் போற?" என்று கேட்டார். ஒன்பது வயது மகளுக்கு நான் வைத்தது 100 மீட்டர், 4 கி.மீ., 1 கி.மீ. அவ்வளவுதான்.

நீச்சலும் சைக்கிளும் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்கே இது. நீச்சல் குளத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சைக்கிளுக்கு வண்டி வராத இடம் வேண்டும்.

முதல் வாரம் மூன்றையும் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் செய்யுங்கள். இதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வாரம், நீச்சலையும் சைக்கிளையும் சேர்த்தபோதுதான் நான் மாட்டிக்கொண்டேன். குளத்திலிருந்து ஏறி வந்தவள் ஈரக்காலில் சாக்ஸை இழுத்தாள். பாதி ஏறியது, மீதி சுருண்டுகொண்டது. ஷூ லேஸ் முடிச்சு விழுந்து, கடைசியில் அழுகை. ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இந்த இடத்துக்குப் பெயர் டிரான்சிஷன். போட்டியில் இந்த நேரமும் கணக்கில் சேரும்.

அப்புறம் வாசலிலேயே பழகினோம். தரையில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் வாய் திறந்த ஷூ, பக்கத்தில் சைக்கிள், அதன் ஹேண்டில்பாரில் பட்டை விரிந்தபடி கவிழ்த்த ஹெல்மெட். குளத்துக்குப் பதிலாக, பிள்ளையின் தலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். துண்டில் காலைத் தேய்த்து, சாக்ஸ் இல்லாமல் ஷூ. பிறகு ஹெல்மெட், பட்டை 'டக்'. அதற்கு முன் சைக்கிளில் கை வைக்கக் கூடாது. இது போட்டி விதி. திரும்பி வந்ததும் சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே பட்டையைக் கழற்றலாம். பத்து தடவை செய்ததும் அவளே எனக்கு விதி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

மூன்றாம் வாரம் பத்து நிமிடம் சைக்கிள், இறங்கியதும் இரண்டு நிமிடம் ஓட்டம். பெற்றோரும் கூட ஓடுங்கள். கால் நம்முடையது போலவே இருக்காது. அதை ஒரு தடவை உணர்ந்தால் "வேகமா ஓடு" என்று கத்த மாட்டீர்கள்.

கியர் சைக்கிள், டிரையத்லான் உடை எல்லாம் வீண் செலவு என்பது என் கட்சி. முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் ஷூ லேஸும் நல்ல ஹெல்மெட்டும் மட்டும் வாங்குங்கள்.

பின்சேர்க்கை: கால் எளிதாக நுழைய ஷூவில் பவுடர் போடச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். ஈரக்காலில் அது கூழாகிவிட்டதாக இரண்டு பேர் எழுதினார்கள். உண்மைதான், காலைத் துடைத்துவிட்டுப் போட்டால் மட்டுமே பயன். இன்னொரு அம்மா ஹெல்மெட் நெற்றியில் சரிகிறது என்றார். உச்சியில் போட்ட குதிரைவால்தான் காரணம். கழுத்தருகே தாழ்த்திப் பின்னியதும் சரியாகிவிட்டது.