இசைக்குழுவைப் பேருந்தில் சிங்கப்பூர்ப் போட்டிக்கு அழைத்துப் போவது எப்படி: லாபிஸிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், பெக்கோக், சிகாமட் பக்கத்துக் கோயில் இசைக்குழுக்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, சிங்கப்பூரில் போட்டி. பிள்ளைகள், வாத்தியங்கள், கூட வரும் பெற்றோர் எல்லாரையும் ஒரே பேருந்தில் கொண்டு போகணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" பேருந்து கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. தவிலையும் வீணையையும் தூக்கிக்கொண்டு இரண்டு நாட்டுச் சோதனைச்சாவடிகளைத் தாண்டுவதுதான் பெரிய விஷயம். அதனால் எல்லையில் என்ன நடக்கும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி அமைக்கவேண்டும். கடப்பிதழ் எடுப்பது எப்படி, போட்டிக்குப் பெயர் கொடுப்பது எப்படி என்பதெல்லாம் இங்கே இல்லை, அது உங்களுக்கே தெரியும்.

முதலில் நாளும் நேரமும்

போட்டி சனிக்கிழமை காலை என்றால் வெள்ளிக்கிழமையே போய்த் தங்கிவிடுங்கள். தங்கும் செலவை மிச்சப்படுத்த விடியற்காலையில் கிளம்பலாம் என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் சொல்வார். லாபிஸிலிருந்து யோங் பெங் போய் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நெரிசல் இல்லாத நாளில் எல்லை வரைக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான், அதனால் அவர் சொல்வது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, வெள்ளி மாலை, சனி காலை ஆகிய வேளைகளில் ஜொகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் பழைய பாலத்தில் மாட்டினால் மாட்டியதுதான். வார நாள் விடியற்காலையில் ஜொகூர் பாருவிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் வேறு.

என் விருப்பம் எப்போதும் துவாஸ் வழிதான். 1998இல் திறந்த இந்த இரண்டாவது பாலத்துக்குக் கேலாங் பாத்தா பக்கமாகப் போகவேண்டும். சாலைக் கட்டணம் கூடுதல், கொஞ்சம் சுற்றும்கூட, ஆனால் குழுவோடு போகும்போது அங்கே மூச்சு விட முடிகிறது. போட்டி மண்டபம் உட்லண்ட்ஸ் பக்கத்திலேயே இருந்தால் மட்டும் பழைய பாலம்.

பேருந்து: விலையை அப்புறம் கேளுங்கள், பெர்மிட்டை முதலில் கேளுங்கள்

பெரிய சுற்றுலாப் பேருந்தில் பொதுவாக 40, 44 இருக்கைகள் வரும். குழுவில் 30 பேர்தானே என்று சின்ன பேருந்து எடுக்காதீர்கள். தவிலும் மிருதங்கமும் மேலே உங்களோடு இருக்கையில்தான் வரவேண்டும், அடியில் சாமான் அறையில் போகக்கூடாது. அந்த அறை வெயிலில் நின்றால் கொதிக்கும், தோல் வாத்தியம் அதைத் தாங்காது. ஒரு வாத்தியத்துக்கு ஒரு இருக்கை என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடியுங்கள். வீணையைக் கடைசி வரிசையில் குறுக்கே படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தால் ஆடாமல் வரும்.

நிறுவனத்திடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, பெர்மிட் (பேருந்து ஓட்டும் உரிமம்) யார் பெயரில் இருக்கிறது என்பது. விலை எழுதிக் கொடுக்கும் நிறுவனமும் பெர்மிட்டில் இருக்கும் நிறுவனமும் ஒன்றா என்று பாருங்கள். 2025 ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே 15 பல்கலைக்கழக மாணவர்கள் இறந்த பேருந்து விபத்து யாருக்கும் மறந்திருக்காது. அதன் பின் நடந்த விசாரணையில், பெர்மிட் வைத்திருந்தவர்கள் அதை வேறு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தது தெரியவந்தது. கேட்டால் முகம் சுளிக்கிற நிறுவனத்தை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான். இருக்கை வார்களும் வேலை செய்யவேண்டும். 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் வார் போடுவது கட்டாயம்.

இரண்டாவது கேள்வி: சிங்கப்பூருக்குள் பயணிகளை ஏற்றிப் போக அந்தப் பேருந்துக்கு அனுமதி இருக்கிறதா? உள்ளூரில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடும் எல்லாப் பேருந்தும் எல்லை தாண்ட முடியாது. அதற்கு ஆசியான் பொதுச் சேவை வாகன அனுமதி தனியாக வேண்டும். "பரவாயில்லை, ஜொகூர் பாருவில் வேறு பேருந்து மாற்றித் தருகிறோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாமான் எல்லாம் இறக்கி ஏற்றுவது இன்னொரு தடவை கூடும்.

விலையில் எது எது அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்: சாலைக் கட்டணம், சிங்கப்பூர் நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், ஓட்டுநர் தங்கும் செலவு, கூடுதல் நேரம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் கடைசி நாளில் அது உங்கள் பையிலிருந்துதான் போகும். பரிசளிப்பு விழா எப்போதும் இழுக்கும், அதனால் கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பதை மறக்காமல் கேளுங்கள். மண்டபத்து வாசலில் பேருந்தை நிறுத்தி வைக்க முடியாது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இறக்கி விடலாம், எங்கே நிறுத்தலாம் என்று போட்டி ஏற்பாட்டாளரிடம் கேட்டு ஓட்டுநருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

காகிதங்கள்

எல்லாக் கடப்பிதழ்களிலும் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்கவேண்டும். பெற்றோரிடம் "காலாவதி ஆகலையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், ஆறு மாதக் கணக்கு அவர்கள் நினைவில் இருக்காது. ஆகவே கேட்காதீர்கள், முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நீங்களே பாருங்கள்.

பெயர்ப் பட்டியலுக்கு நான் புலனக் (வாட்ஸ்அப்) குழுவை நம்புவதில்லை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் முக்கியமான தகவல் எங்கேயோ ஓடிவிடும். கூகல் ஷீட் ஒன்று போதும், அதைத் திருத்தும் உரிமை இரண்டே பேருக்கு. அச்சடித்த பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும், எல்லையில் தொலைபேசி இணைப்பு எந்த நேரத்திலும் தடுமாறும். கடப்பிதழ் எண் இருக்கிற பட்டியலை யாருக்கும் பகிராதீர்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை மலேசியரும் நிரப்பவேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்புவது, முற்றிலும் இலவசம். பணம் கேட்கிற இணையத்தளம் வந்தால் அது ஏமாற்று, உடனே மூடிவிடுங்கள். குழுவாகப் பதியும் வசதி உண்டு, ஆனால் பெயர் எழுதும் இடத்தில் நம் ஆட்கள் பலர் தடுமாறுகிறார்கள். கடப்பிதழில் "ஏ/எல்" (இன்னாரின் மகன்), "ஏ/பி" (இன்னாரின் மகள்) என்று இருக்கும், சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. அப்படிச் சிவப்பு எழுத்தில் பிழை காட்டினால் சாய்கோட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்ற எழுத்தெல்லாம் கடப்பிதழில் இருப்பது போலவே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சில பிள்ளைகள் எழுதி வைத்துவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

பெற்றோர் இல்லாமல் வரும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அனுமதிக் கடிதம், கூடவே பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதி. பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். கேட்கிற நாளில் இல்லையென்றால் அந்தப் பிள்ளையோடு ஒரு பெரியவரும் திரும்பவேண்டி வரும். பள்ளி பெயரில் போனால் கல்வி இலாகா அனுமதி தனி, அதற்குப் பல மாதம் முன்பே எழுதிப் போடவேண்டும். போட்டி ஏற்பாட்டாளரிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்குங்கள். மேடையில் வாசிப்பதற்கு வேலை அனுமதி தேவையா, விலக்கு உண்டா என்பதையும் அவர்களிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சும்மா வாய்ப்பேச்சு வேண்டாம்.

வாத்தியங்கள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

கஞ்சிராவை எடுங்கள். எந்தத் தோல்? பழைய கஞ்சிரா என்றால் உடும்புத் தோலாக இருக்கும். இந்திய உடும்பு அழிவுநிலை உயிரினங்களின் வாணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தாத்தா வாசித்தது, குருநாதர் கொடுத்தது என்ற கதையெல்லாம் சோதனைச்சாவடியில் எடுபடாது. பிடித்தால் வாத்தியம் போவது மட்டுமல்ல, வழக்கும் வரலாம். ஆட்டுத்தோல் கஞ்சிரா அல்லது செயற்கைத் தோல் கஞ்சிரா கொண்டு போங்கள். நாதம் ஒன்றாக இருக்காதுதான், மாஸ்டர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே மாற்றிப் பழகிவிட்டால் வாசிக்கும் பிள்ளைக்குக் கை பழகிவிடும்.

அதேபோல் பழைய வீணையில் தந்தத்தில் செய்த அலங்காரம் இருக்கலாம், நாதஸ்வரத்தில் தொங்கும் வட்டும் சீவாளியை (ஊதும் நாணல் துண்டை) சுத்தம் செய்யும் ஊசியும் தந்தமாக இருக்கலாம். இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். சந்தேகம் இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

மிருதங்கத் தொப்பிக்கு (இடது பக்கத் தோலுக்கு) ரவை கொண்டு போவீர்கள். பெயர் இல்லாத பிளாஸ்டிக் பையில் வெள்ளைத் தூளைக் கட்டி எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் எல்லைக்குள் போகவேண்டாம், கடையில் வாங்கிய பொட்டலத்தோடு வரட்டும். விபூதியும் அப்படித்தான்.

எல்லா வாத்தியத்துக்கும் ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள்: என்ன வாத்தியம், யாருடையது, அடையாளம், ஒரு படம். ஒலிபெருக்கி, மின் தம்பூரா, மைக் இருந்தால் வரிசை எண்ணையும் எழுதுங்கள். திரும்பி வரும்போது "இது புதிதாக வாங்கியதா?" என்று நம் சுங்கத்துறை கேட்டால் காட்டுவதற்கு. பெரிய ஒலிச் சாதனங்களோடு போகிறவர்கள் ஏடிஏ கார்நே (சாமானைத் தற்காலிகமாக வரி கட்டாமல் வெளிநாடு கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) பற்றி விசாரிக்கலாம், நம் நாட்டில் அதை மலேசிய அனைத்துலக வர்த்தக, தொழிலியல் சபை வழங்குகிறது. கையில் வாசிக்கும் வாத்தியங்களோடு மட்டும் போகும் எங்களைப் போன்ற குழு அந்தப் பக்கமே போவதில்லை.

சோதனைச்சாவடி நடை

போகும்போது மலேசியப் பக்கம் சுலபம். ஆட்கள் மட்டும் இறங்கிக் கடப்பிதழைக் காட்டிவிட்டுத் திரும்பி ஏறலாம், சாமான் பேருந்திலேயே இருக்கும். சிங்கப்பூர்ப் பக்கம் அப்படி இல்லை. எல்லாரும் எல்லாச் சாமானோடும் இறங்கவேண்டும், குடிநுழைவு வரிசையில் நிற்கவேண்டும், பிறகு எல்லாவற்றையும் ஊடுகதிர்க் கருவியில் வைத்து எடுக்கவேண்டும், அப்புறம்தான் பேருந்து. மாடி ஏறி இறங்கும் வேலையும் உண்டு. தவிலைக் கையில் பிடித்துக்கொண்டு நகரும் படியில் நிற்கும் 13 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள், அவனுடைய துணிப் பை யார் கையில்?

அதனால் நான் போடும் திட்டம் இது. ஒவ்வொரு பெரிய வாத்தியத்துக்கும் தூக்குகிற ஆள் ஒருவர், அவருடைய பையைத் தூக்குகிற ஆள் இன்னொருவர். வாசிக்கிறவரே தூக்கவேண்டும் என்று இல்லை. வாத்தியம் இல்லாத பெற்றோரும் பாடகர்களும் இதற்குத்தான் பயன்படுவார்கள், இதைக் கிளம்பும் முன்பே பட்டியலில் எழுதிவிடுங்கள். ஆளுக்கு ஒரு சின்னப் பைதான், சக்கரப் பெட்டி வேண்டாம். மேடை உடைகளை ஒரே பெரிய பையில் போட்டு மடக்குத் தள்ளுவண்டியில் வைத்துவிடலாம். சீவாளியும் தவில் விரல் கூடும் வாசிக்கிறவர் கைப்பையில் மட்டும், அவை நசுங்கினால் போட்டியே நின்றுவிடும். கருவியில் மிருதங்கம் போகும்போது உறையோடு படுக்க வைக்கச் சொல்லி அதிகாரியிடம் மரியாதையாகக் கேளுங்கள். அந்தப் பக்கம் அதை எடுக்க ஒருவர் முன்னாலேயே போய் நிற்கவேண்டும், பின்னால் வருகிற பெட்டி வந்து இடிக்கும்.

வெளியே வந்தால் ஒரே மாதிரி பேருந்துகள் வரிசையாக நிற்கும். வண்டி எண்ணைப் படம் எடுத்து எல்லாருக்கும் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். ஓட்டுநர் அபாங்கிடம் (மலாயில் அண்ணன்) எந்தத் தடத்தில் காத்திருப்பார் என்று இறங்கும் முன்பே கேளுங்கள், இறங்கிய பிறகு தொலைபேசியில் பிடிக்க முடியாமல் போகலாம். கடைசி ஆள் வரும் வரைக்கும் ஒரு பெரியவர் குடிநுழைவு மண்டபத்திலேயே நிற்கட்டும், யாரையாவது விசாரணைக்குத் தனியே கூப்பிட்டால் கூட ஆள் இருக்கவேண்டும்.

இன்னொன்று, இதை மச்சாப் ஓய்விடத்தில் பசியாற நிறுத்தும்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: வேப் (மின்சிகரெட்) சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம், சிகரெட்டுக்கு வரி விலக்கு எதுவும் கிடையாது, சூயிங் கம் வேண்டாம். உறுமி மேளக் குழு இளைஞர்களில் பாதிப் பேர் பையில் வேப் இருக்கும், ஆசிரியர் முன்னால் சொல்லமாட்டார்கள். ஓய்விடத்துக் குப்பைத் தொட்டியைக் காட்டிவிட்டு ஐந்து நிமிடம் அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

பின்சேர்க்கை: ஹட்யாய் போகிறவர்களுக்கு

முதலில் இதை எழுதியபோது சிங்கப்பூரை மட்டும்தான் நினைத்தேன். சுங்கை சிப்புட், கூலிம் பக்கத்து நண்பர்கள் தாய்லாந்துக்குக் கேட்டிருந்தார்கள். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வழியாக ஹட்யாய் போகும்போது 2025 மே 1 முதல் தாய்லாந்தின் மின்னியல் வருகை அட்டை வேண்டும், அதுவும் மூன்று நாளுக்குள், அதுவும் இலவசம். நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால், போட்டிக்கு வந்து சேரச் சொன்ன நேரம் எந்த நாட்டு நேரம் என்று உறுதி செய்யுங்கள். பேருந்துக்குத் தாய்லாந்துக் காப்பீடும் அனுமதியும் நிறுவனமே எடுத்திருக்கவேண்டும். உடும்புத் தோல் விஷயம் அங்கேயும் அப்படியே.

மண்டபத்திலும் திரும்பும்போதும்

பேருந்துக் குளிரில் காய்ந்த தோல் சுருதியை ஏற்றிவிடும். இறங்கியவுடன் கல்லும் கட்டையும் எடுத்துத் தட்ட ஆரம்பிக்காமல், ஒரு மணி நேரமாவது மண்டபத்து அறையில் வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள்.

திரும்பும் வழியில் எல்லாம் தலைகீழ். சிங்கப்பூரில் ஆட்கள் மட்டும் இறங்கினால் போதும், நம் பக்கம்தான் எல்லாச் சாமானோடும் இறங்கிச் சுங்கச் சோதனை. தூக்கும் ஆள் பட்டியல் அப்போதும் வேலை செய்யவேண்டும், ஆனால் இரவு பத்து மணிக்குக் கோப்பையோடு வருகிற பிள்ளைகளுக்குத் தூக்கம் தூக்கமாக வரும், அதனால் பெரியவர்களுக்கு இரண்டு வாத்தியம் ஆகலாம். பாக்கிப் பணத்தை லாபிஸ் வந்து, பேருந்தின் அடி அறையையும் மேல் தட்டையும் பார்த்த பிறகு கொடுங்கள். மேல் தட்டில்தான் சுருதிப் பெட்டி கிடக்கும்.